வென்றும் தோற்றவர்

2014ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டி பிரேசிலில் நடைபெற்ற சமயம் அது. சிங்கப்பூரில் ஒரு விளம்பரம் பலரின் கவனத்தை ஈர்த்தது. சிறுவர்கள் சிலர் கூடி, எந்த நாடு வெல்லும் என்று உற்சாகமாகப் பேசிக்கொள்கின்றனர். ஆண்டி என்னும் சிறுவனின் முகம் மட்டும் வாடியிருக்கிறது. ஜெர்மனி வெல்ல வேண்டும் என்கிறான் அவன். தன் சேமிப்புப் பணம் முழுவதையும் அப்பா அந்த அணிமீது பந்தயம் கட்டிவிட்டார் என்பதே அவன் கூறும் காரணம்.

சூதாட்டப் பழக்கத்தைத் தடுப்பதற்காகத் தயாரிக்கப்பட்ட விளம்பரம் அது. ஆனால், நடந்தது வேறு. அரையிறுதியில் ஜெர்மனி பிரேசிலை 7-1 என்ற கோல் கணக்கில் வீழ்த்தியது. இறுதியாட்டத்தில் அர்ஜென்டினாவை 1-0 என வென்று கிண்ணத்தையும் கைப்பற்றியது. ஆண்டியின் அப்பா இந்நேரம் பணக்காரர் ஆகியிருப்பார் என்று பலரும் கேலி செய்தனர். வெளிநாட்டுத் தொலைக்காட்சிகளும் சிரித்தன.

சிரிப்புக்குரிய செய்திதான், மறுப்பதற்கில்லை. அந்த அப்பாவின் கணிப்பும் சரியாகவே இருந்தது. பந்தயம் கட்டும் ரசிகர்கள் பலர் விளையாட்டை நன்கு அறிந்தவர்கள். யாருக்குக் காயம், எந்தப் பயிற்றுநர் என்ன உத்தியைக் கையாள்வார் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அந்த அறிவு தரும் துணிச்சலே அவர்களைப் பந்தயத்தில் இறக்கிவிடுகிறது.

அறிவு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? 1985ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் உலக ஸ்னூக்கர் இறுதியாட்டம் நடைபெற்றது. முதலில் 18 சுற்றுகளை வெல்பவரே வெற்றியாளர். நடப்பு வெற்றியாளரான ஸ்டீவ் டேவிஸ் முதல் எட்டுச் சுற்றுகளையும் வென்றுவிட்டார். அந்த நேரத்தில், விவரமறிந்த ரசிகர் எவரும் அவர்மீதுதான் பணம் வைத்திருப்பார். ஆனால், டென்னிஸ் டெய்லர் சிறிது சிறிதாக எட்டிப் பிடித்தார். ஆட்டம் 17-17 என்ற நிலையை அடைந்தது. கடைசிச் சுற்று ஒரு மணி நேரத்திற்கும் மேல் நீடித்தது. இறுதியில் மேசையில் கறுப்புப் பந்து ஒன்றே எஞ்சியது. டெய்லர் முயன்றார், பந்து குழியில் விழவில்லை. டேவிஸ் முயன்றார், மயிரிழையில் தவறியது. பிறகு டெய்லர் அடித்தார், பந்து விழுந்தது. நள்ளிரவைத் தாண்டி நடந்த அந்த ஆட்டத்தில் டெய்லர் முன்னிலை பெற்றது அந்த ஒரே கணத்தில்தான்!

இத்தகைய வியப்புகள் எப்போதாவதுதான் நிகழும். ரசிகரை ஒவ்வொரு நாளும் அரிப்பது சாதாரணக் கணக்கு. சம பலமுள்ள இரு ஸ்னூக்கர் ஆட்டக்காரர்கள் மோதுவதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் முதல் ஆட்டக்காரர்மீது 100 வெள்ளியும், மற்றொருவர் இரண்டாமவர்மீது 100 வெள்ளியும் கட்டுகின்றனர். மொத்தம் 200 வெள்ளி. வென்றவருக்குக் கிடைப்பது 190 வெள்ளி. மீதி 10 வெள்ளி பந்தய நிறுவனத்துக்குச் சேரும். மேசையில் யார் வென்றாலும் அதற்குக் கவலையில்லை. ஒரு ரசிகர் இவ்வாறு இருபது முறை கட்டி, பத்து முறை சரியாகக் கணித்தாலும் 2,000 வெள்ளி கொடுத்து 1,900 வெள்ளியைத்தான் திரும்பப் பெறுவார்.

வலுவான அணிமீது கட்டினால் தப்பிக்கலாமே என்று தோன்றலாம். ரசிகருக்குத் தெரிந்தது நிறுவனத்துக்கும் தெரியும். வெல்லக்கூடிய அணிக்கு அது குறைந்த தொகையையே தரும். இழந்த 100 வெள்ளியை மீட்க அடுத்த வாரம் 200, அதையும் இழந்தால் 400 என்று தொகையை உயர்த்தும்போதுதான் வீட்டுச் சேமிப்பில் கை வைக்க நேர்கிறது. தொடக்கத்தில் ஒரு பெரிய வெற்றி கிட்டிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். அடுத்த பந்தயத்திலும் வெல்வோம் என்ற நம்பிக்கை எளிதில் போகாது.

ஜெர்மனி வென்ற பிறகு அந்த விளம்பரம் மாற்றப்பட்டது. சேமிப்புப் பணத்தை அப்பா திருப்பித் தந்துவிட்டாரா என்று ஆண்டியிடம் கேட்கின்றனர். இல்லை என்கிறான் அவன். அப்பா இன்னும் நிறுத்தவில்லையாம். இன்னும் ஒரே ஒரு முறை கட்ட வேண்டுமாம்.