பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருக்கு அரசாங்க உதவித்தொகை

பெற்ற பிள்ளையைப் பறிகொடுப்பது பெற்றோருக்கு நேரக்கூடிய துயரங்களுள் எல்லாம் கொடியது. அப்பிள்ளை நோயினாலன்றிப் பிறர் செய்த குற்றத்தினால் மாண்டதெனின், அத்துயரம் பன்மடங்காகின்றது. காவல் நிலையம், மருத்துவமனை, நீதிமன்றம் என்று அலைய வேண்டியுள்ளது. இரவில் உறக்கமில்லை, பகலில் வேலையில் மனம் செல்வதில்லை. ஆனால், வீட்டுச் செலவும் கடைக் கடனும் ஏனைய பிள்ளைகளின் பள்ளிச் செலவும் துக்கம் பார்த்து நிற்பனவல்ல. வேலைக்குச் செல்லாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பதை, நாட்சம்பளம் பெற்று வாழும் குடும்பங்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இத்தகைய பெற்றோருக்கு அரசாங்கம் என்ன செய்யக்கூடும்? இக்கேள்விக்குக் கனடா நாடு கண்ட விடையை ஈண்டு ஆராய்வோம்.

திட்டம் தோன்றிய வரலாறு

கனடாவின் கியூபெக் மாநிலத்தைச் சேர்ந்தவர் பியேர் ஹியூக் புவாவெனு. அவருடைய 27 வயது மகள் 2002ஆம் ஆண்டில் கொலையுண்டாள். 2004ஆம் ஆண்டில் அவர், தம்மைப் போன்றே பிள்ளைகளை இழந்த பெற்றோருடன் சேர்ந்து, கொலையுண்டோர் மற்றும் காணாமற்போனோர் குடும்பங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார். இவர்களைப் போன்றோர் எழுப்பிய குரல் வீண்போகவில்லை. குற்றத்தினால் பிள்ளையை இழந்த தொழிலாளர் நெடுநாள் விடுப்பு எடுக்கக் கியூபெக் மாநிலம் 2007ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியது. 2010ஆம் ஆண்டில் புவாவெனு கனடா நாடாளுமன்றத்தின் மேலவை உறுப்பினரானார். 2012ஆம் ஆண்டு டிசம்பரில் நாடு முழுமைக்குமான சட்டம் நிறைவேறியது. 2013ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் உதவித்தொகைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

உதவித்தொகை எவ்வளவு?

தொடக்கத்தில் வாரத்திற்கு 350 கனடிய வெள்ளி வீதம் 35 வாரங்கள் வரை வழங்கப்பட்டது. அதாவது, மொத்தம் 12,250 வெள்ளி. இது பிள்ளையின் உயிருக்கு வைத்த விலையன்று. எவ்வரசாலும் அதற்கு விலை வைத்தல் இயலாது. வேலைக்குச் செல்ல இயலாத பெற்றோர் இழக்கும் வருமானத்தில் ஒரு பகுதியை ஈடுசெய்வதே இதன் நோக்கம்.

இத்தொகை காப்புறுதிப் பணமும் அன்று. சொக்சோ என்று நாம் வழங்கும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்திற்கு இந்நாட்டில் தொழிலாளியும் முதலாளியும் சந்தா செலுத்துகின்றனர். கனடாவிலும் வேலைக் காப்புறுதிக்கு அவ்வாறே இருசாராரும் செலுத்துகின்றனர். ஆயினும், இவ்வுதவித்தொகை அந்நிதியிலிருந்து வருவதன்று. அரசாங்கத்தின் பொது வருவாயிலிருந்து வருவது. ஒரு குடும்பத்தின் துயரத்தை நாட்டு மக்கள் அனைவரும் சிறிது பங்கிட்டுக் கொள்வதாக இதனைக் கொள்ளலாம்.

பணமும் வேலையும்

பணம் கிடைத்தாலும், விடுப்பு முடிந்து திரும்பும்போது வேலை இருத்தல் வேண்டுமன்றோ? ஆகவே, தொழிற்சட்டமும் திருத்தப்பட்டது. பிள்ளை குற்றத்தினால் மாண்டிருப்பின் 104 வாரங்கள் வரையிலும், காணாமற்போயிருப்பின் 52 வாரங்கள் வரையிலும் சம்பளமற்ற விடுப்பு எடுக்க அப்போது வழி செய்யப்பட்டது. ஆனால், மத்திய அரசின் தொழிற்சட்டம் வங்கி, இரயில்வே, விமானப் போக்குவரத்து போன்ற சில துறைகளையே கட்டுப்படுத்தும். ஏனைய தொழிலாளர் மாநிலச் சட்டங்களையே நம்பியிருக்க வேண்டும். சான்றாக, ஒண்டாரியோ மாநிலத்தில் இத்தகைய விடுப்பு 2014ஆம் ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது.

காணாமற்போன பிள்ளையின் பெற்றோரையும் இத்திட்டம் சேர்த்துக் கொண்டது குறிப்பிடத்தக்கது. மாண்ட பிள்ளைக்கு ஈமக்கடன் செய்து அழுது தீர்க்கலாம். காணாமற்போன பிள்ளைக்கு அதுவும் இயலாது. வாயிலில் காலடி ஓசை கேட்கும்போதெல்லாம் நம்பிக்கை எழும், பின்னர் வீழும். தேடி அலைவதே அப்பெற்றோரின் வேலையாகிவிடுகின்றது.

நிபந்தனைகள்

பிள்ளை 18 வயதுக்குட்பட்டிருத்தல் வேண்டும். பெற்றோர் முந்திய ஆண்டில் குறைந்தது 6,500 வெள்ளி சம்பாதித்திருத்தல் வேண்டும். உதவி பெறும் வாரங்களில் வேலை செய்தலாகாது. குற்றத்தினால் நேர்ந்ததாகக் கருதப்படுவதைக் காவல் துறை எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும். இவையே தொடக்கத்தில் விதிக்கப்பட்ட முக்கிய நிபந்தனைகள்.

இவற்றின் விளைவு யாது? அரசாங்கம் எதிர்பார்த்ததைவிட மிகச் சிலரே உதவி பெற்றனர். குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான கனடிய மக்கள் குறைகேள் அதிகாரியின் அலுவலகமே இக்குறையை எடுத்துக் காட்டியது. துயரத்தில் மூழ்கியிருப்பவர் படிவம் நிரப்பிச் சான்று தேடி அலைவது எளிதன்று. சில மணி நேரமாவது வேலைக்குச் சென்று மனத்தைத் தேற்ற விரும்பியவர், அதனாலேயே உதவியை இழக்க நேர்ந்தது.

ஆகவே, 2018ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் திட்டம் திருத்தியமைக்கப்பட்டது. பிள்ளையின் வயது வரம்பு 25க்குட்பட்டோர் என உயர்த்தப்பட்டது. வாரத் தொகை 450 வெள்ளியாயிற்று. 35 வாரங்களையும் ஓராண்டிற்குள் எடுத்துத் தீர்க்க வேண்டும் என்பது மாறி, ஈராண்டுக் காலம் அளிக்கப்பட்டது. வழக்கமான வேலை நேரத்தில் பாதிவரை வேலை செய்யவும் இசைவு கிட்டியது. வழக்கு விசாரணை பல மாதங்கள் கழித்தே வருவதால், ஈராண்டுக் கால அளவு பெரிதும் பயன்படுவதாகும்.

எனினும், ஒன்றை மறத்தலாகாது. இப்பெற்றோருக்காகக் குரல் கொடுத்தவர்களுள் முன்னின்ற புவாவெனுவின் மகளுக்கு வயது 27. திருத்திய விதியும் அத்தகைய பிள்ளையின் பெற்றோரை எட்டவில்லை. எங்கேனும் ஓர் எல்லைக்கோடு இழுத்தே ஆகவேண்டும் என்பது அரசாங்கத்தின் நிலை. பெற்றோருக்கோ பிள்ளை எந்த வயதிலும் பிள்ளையே.

நாம் பெறும் பாடம்

திட்டம் ஒன்றை வகுப்பதோடு அரசின் கடமை முடிவதில்லை. உரியவர் கைக்கு அது சென்று சேர்கின்றதா என்று பார்த்துத் திருத்துதலும் கடமையே. மக்களுக்கும் கடமையுண்டு. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, காவல் துறைப் புகாரின் நகல் ஆகியவற்றைப் பத்திரப்படுத்தல் வேண்டும். எந்நாட்டிலாயினும் உதவி கோருவோரிடம் முதலில் கேட்கப்படுபவை இத்தகைய பத்திரங்களே. எழுதப் படிக்க அறிந்தோர், துயருற்ற குடும்பத்தின் வீட்டுக்குச் சென்று ஆறுதல் கூறுவதோடு நில்லாமல், படிவம் நிரப்பவும் அலுவலகம் சென்று வரவும் துணை நிற்றல் வேண்டும். துக்க வீட்டில் சோறு சமைத்துக் கொடுப்பது நம்மவரின் நல்வழக்கம். அதனோடு இவ்வுதவியையும் சேர்த்துச் செய்வோமாக.