சென்னைக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்குப் பாதை சொல்லிக்கொடுப்போம்



கோட்டைப்பட்டினம், மீமிசல், அறந்தாங்கிப் பக்கமிருந்து நம் பிள்ளைகள் சென்னைக்குப் படிக்கப் போகிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் "பெரிய ஊராச்சே, பொம்பளப் பிள்ளை தனியா எப்படிப் போய் வரும்?" என்ற ஒரே கேள்வியில் கிடைத்த சீட்டை விட்டுவிடும் குடும்பங்களும் உண்டு. பாதை தெரிந்தால் இந்தப் பயத்தில் பாதி போய்விடும். ஆகவே நாம் அதைப் பாடமாகவே படிப்போம்.

இறங்குமிடம்: நம் பக்கத்து அரசு பஸ்கள் 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் நிலையத்துக்கே செல்கின்றன. அங்கிருந்து மாநகர பஸ்ஸில் தாம்பரம் வந்தால் மின்சார ரயில் கிடைக்கும். பல்லவன் எக்ஸ்பிரஸில் போகிறவர்கள் தாம்பரத்திலேயே இறங்கலாம்.

முக்கியப் பாதை: கடற்கரை, எழும்பூர், கிண்டி, தாம்பரம், செங்கல்பட்டு என்ற மின்சார ரயில் பாதையை முதலில் மனதில் பதிய வையுங்கள். வண்டலூர் கிரசென்ட் இந்தப் பாதையில்தான் இருக்கிறது. கிண்டியில் மெட்ரோவுக்கு மாறினால் தேனாம்பேட்டை. பஷீர் அகமது சயீத் மகளிர் கல்லூரி அந்தப் பகுதியில் உள்ளது. ராயப்பேட்டை புதுக்கல்லூரிக்குப் பஸ்தான் வசதி.

செலவு: சாதாரணக் கட்டண மாநகர பஸ்களில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, கண்டக்டர் தரும் சீட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மின்சார ரயிலில், வசிக்கும் இடத்திலிருந்து கல்லூரிக்குச் செல்ல, பட்டப்படிப்பு வரை மாணவிகளுக்கு இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட் இலவசம். கல்லூரி மாணவர்களுக்குச் சீசன் டிக்கெட்டில் சலுகை உண்டு. கல்லூரியில் சேர்ந்த வாரமே சான்றிதழ் வாங்கி விண்ணப்பியுங்கள்.

தங்குமிடம்: வாடகை 500 ரூபாய் குறைகிறது என்று இரண்டு வண்டி மாறும் இடத்தில் அறை எடுக்காதீர்கள். அந்த மிச்சம் ஆட்டோவில் போய்விடும். படிக்கும் நேரமும் தொழுகை நேரமும் வழியிலேயே கழியும். கல்லூரிக்கு ஒரே வண்டியில் போகும் இடமாகப் பாருங்கள்.

பாதுகாப்பு: மின்சார ரயிலில் மகளிர் பெட்டி உண்டு. ரயிலில் உதவிக்கு 139, பெண்கள் உதவிக்கு 181. இரண்டையும் போனில் பதிந்து கொடுங்கள்.

கல்லூரி திறக்குமுன் அத்தாவோ அண்ணனோ ஒருநாள் கூடப் போங்கள். பிள்ளையே டிக்கெட் எடுக்கட்டும், பிள்ளையே வழி கேட்கட்டும். நீங்கள் பின்னால் நடந்தால் போதும். இன்ஷா அல்லாஹ், மறுநாள் தனியாகப் போய் வருவாள்.