ரெய்டுக்கு நேரம் குறிப்பது யார்?

ஆன்லைன் ரோல்-பிளேயிங் விளையாட்டுகளைப் பற்றி வீடுகளில் எழும் சண்டை பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் வருகிறது: ‘எத்தனை மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறாய்?’ கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்த மணிக்கணக்கை ஆடுபவர் தனியாக முடிவு செய்வதில்லை. விளையாட்டை வடிவமைத்தவர்களுக்கும் கூட ஆடும் மனிதர்களுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. அதைக் கவனிக்காததால்தான் பல தவறான நம்பிக்கைகள் இன்றும் உலவுகின்றன.

நம்பிக்கை: இது பள்ளிப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு.

அமெரிக்க ஆய்வாளர் நிக் யீ சில ஆண்டுகளில் சுமார் 30,000 ஆட்டக்காரர்களிடம் கேட்டுத் திரட்டிய தகவல்கள் 2006-இல் வெளியாயின. அவர்களின் சராசரி வயது 26-ஐத் தாண்டியிருந்தது. ஏறக்குறைய பாதிப் பேர் முழுநேர வேலையில் இருந்தார்கள். திருமணமானவர்களும் பிள்ளை பெற்றவர்களும் கணிசமாக இருந்தார்கள். வாரத்துக்குச் சராசரியாக 22 மணி நேரம் ஆடினார்கள். தாமாக முன்வந்து பதில் சொன்னவர்கள் என்பதால் தீவிர ஆட்டக்காரர்கள் இதில் சற்றுக் கூடுதலாக இருந்திருக்கலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும், வேலையும் குடும்பமும் உள்ள பெரியவர்கள் இந்த உலகங்களில் நிறையவே இருந்தார்கள் என்பது உறுதி.

நம்பிக்கை: மனக்கட்டுப்பாடு இல்லாதவர்கள்தான் விடிய விடிய ஆடுவார்கள்.

2004 நவம்பரில் வெளியான ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டின் தொடக்கக் காலப் பெரிய ரெய்டுகளுக்கு, அதாவது வலிமையான எதிரிகளை வீழ்த்தக் குழுவாக இறங்கும் போர்களுக்கு, 40 பேர் வரை தேவைப்பட்டார்கள். அடியைத் தாங்க ஒருவர், காயம் ஆற்றச் சிலர், தாக்கப் பலர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. காயம் ஆற்றுபவர் நடுவில் எழுந்து போவது, ஆட்டம் நடக்கும்போதே விக்கெட் கீப்பர் வீட்டுக்குக் கிளம்புவதற்குச் சமம். எல்லோருக்கும் பொதுவான சர்வரில் நடப்பதால் ஒருவருக்காக ஆட்டத்தை நிறுத்திவைக்கவும் முடியாது. ‘ஒரு நிமிஷம், வந்துவிடுகிறேன்’ என்று அறைக்குள்ளிருந்து வரும் குரலுக்குப் பின்னால் மற்ற 39 பேரின் மாலை நேரம் இருக்கிறது. அங்கே எழ மறுப்பவரைப் பிடித்துவைப்பது பெரும்பாலும் கொடுத்த வாக்குதான். அந்த இறுக்கத்தைப் பின்னர் நிறுவனமே தளர்த்தியது: 2007-இல் வந்த விரிவாக்கத்தில் புதிய ரெய்டுகளின் அளவு 25 பேர், 10 பேர் என்று குறைந்தது.

ஜப்பானின் ‘ஃபைனல் ஃபேன்டஸி 11’ இதைவிடக் கடுமையான பாடம். 2008-இல் ஒரு குழு ஒரே அரக்கனோடு 18 மணி நேரத்துக்கும் மேலாகப் போராடியது. சிலர் வாந்தி எடுத்தார்கள். அரக்கன் விழவில்லை, குழுதான் கைவிட்டது. குடும்பம், நண்பர்கள், பள்ளி, வேலை எதையும் மறக்க வேண்டாம் என்று உள்நுழையும்போதே எச்சரிக்கும் விளையாட்டு அது! ஆனால் உண்மையில் நேரத்தைக் குறைத்தது வேறொன்று. இரண்டு மணி நேரத்தில் வீழ்த்தாவிட்டால் அந்த அரக்கன் மறைந்துவிடும்படி பின்னர் நிறுவனம் விதியை மாற்றியது.

இன்னொரு மாற்றம் மிக நுட்பமானது. வார்கிராஃப்டின் சோதனைக் கட்டத்தில், நீண்ட நேரம் ஆடினால் கிடைக்கும் அனுபவப் புள்ளிகள் பாதியாகக் குறைந்தன. இடைவெளி எடுக்கச் சொல்லும் ஏற்பாடு. ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். வடிவமைப்பாளர்கள் குறைந்த அளவை வழக்கமான அளவு என்று அறிவித்து, ஓய்வெடுத்துத் திரும்புபவருக்கு அதைப்போல் இரண்டு மடங்கு என்று மாற்றிச் சொன்னார்கள். கணக்கு ஏறத்தாழ பழையதுதான். எதிர்ப்பு அடங்கிவிட்டது. ஓய்வைப் பரிசாக்கினால் மனிதர்கள் எழுந்து போவார்கள் என்று தெரிந்த நிறுவனங்கள், தினசரி வெகுமதி, வாராந்திர வரம்பு என்று அவர்களைத் திரும்ப அழைக்கவும் அதே அறிவைப் பயன்படுத்துகின்றன. பெற்றோர் கவலைப்பட வேண்டிய இடம் இது.

நம்பிக்கை: இவை மனிதர்களைத் தனிமைப்படுத்துகின்றன.

பாதி உண்மை. பாலோ ஆல்டோ ஆய்வு மையமும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து 2006-இல் வெளியிட்ட ஆய்வு, வார்கிராஃப்டில் பலர், குறிப்பாகத் தொடக்க நிலைகளில், தனியாகவே ஆடுவதைக் காட்டியது. சுற்றியிருக்கும் கூட்டம் அவர்களுக்குப் பார்வையாளர்களாக, பேச்சுச் சத்தமாக இருந்தால் போதும். கூட்டத்தில் தனியாக இருப்பதும் ஓர் இன்பம்தான். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

மறுபக்கம் நார்வேயின் மாட்ஸ் ஸ்டீன். தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் வாழ்ந்து, 2014-இல் 25 வயதில் இறந்தவர். மகனுக்கு நட்பு வட்டமே இல்லை என்று பெற்றோர் வருந்தியிருந்தார்கள். அவர் எழுதிவந்த வலைப்பூவில் தந்தை இறப்புச் செய்தியைப் பதிந்ததும், வார்கிராஃப்டில் ‘இபலின்’ என்ற பெயரில் அவரை அறிந்தவர்களிடமிருந்து மின்னஞ்சல்கள் குவிந்தன. கில்டு எனப்படும் அவரது ஆட்டக் குழுவின் நண்பர்கள் சிலர் வெளிநாடுகளிலிருந்து இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். கில்டு சேமித்துவைத்திருந்த உரையாடல்களைக் கொண்டு 2024-இல் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படமும் வந்தது. அவர் செலவிட்ட ஆயிரக்கணக்கான மணி நேரத்தை எந்தக் கணக்கில் வீண் என்று எழுதுவது?

நம்பிக்கை: அதிக நேரம் ஆடினாலே அது நோய்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் வரையறையில் இத்தனை மணி நேரம் என்ற எல்லை எதுவும் கிடையாது. கட்டுப்பாடு இழப்பது, மற்ற எல்லாவற்றையும் விட ஆட்டத்துக்கே முன்னுரிமை தருவது, கேடு நேர்ந்தும் தொடர்வது ஆகியவைதான் அடையாளங்கள். வழக்கமாக இவை 12 மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும்.

நம்பிக்கை: நள்ளிரவில் தடை போட்டால் தீர்ந்துவிடும்.

தமிழ்நாட்டில் 2025-இல் வந்த நள்ளிரவு முதல் காலை 5 மணி வரையிலான தடை, ரம்மி போன்று பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்கானது. ரோல்-பிளேயிங் விளையாட்டுகளை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வோர் பலர். இத்தகைய விளையாட்டுகளுக்கு நள்ளிரவுத் தடையை நேரடியாகச் சோதித்துப் பார்த்த நாடுகளில் ஒன்று தென் கொரியா. 16 வயதுக்கு உட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை ஆன்லைன் கணினி விளையாட்டு ஆடக் கூடாது என்ற விதி அங்கே 2011-இல் வந்தது. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2022 தொடக்கத்தில், அரசு அதைக் கைவிட்டது. எந்தெந்த மணி நேரத்தில் கணக்கு பூட்டப்பட வேண்டும் என்பதை இப்போது அங்கே பெற்றோரோ பிள்ளையோ நிறுவனத்திடம் கேட்டு அமைத்துக்கொள்கிறார்கள்.