படவில்லை ஆக்கும் முறை

சென்னையிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் புறநகர் மின்தொடர்வண்டி, பொன்னேரியைக் கடந்து, ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவுக்கு அப்பால் கும்மிடிப்பூண்டியை அடைகிறது. அவ்வூரை ஒட்டிச் சிப்காட் நிறுவனம் அமைத்த தொழிற்பேட்டை பரந்து கிடக்கிறது. பழைய இரும்பை உருக்கும் உலைகளும், உருக்கியதைக் கம்பியாக உருட்டும் ஆலைகளும், வார்ப்படச் சாலைகளும், இயந்திர உறுப்புகளைக் கடையும் பட்டறைகளும் அங்கே உள்ளன. ஆந்திர எல்லை அண்மையில் இருத்தலின் தெலுங்கு பேசுவோர் பலர். ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வந்து உழைப்போரும் பலர். இவர்கள் அனைவர்க்கும், வேலை தொடங்குமுன், இன்னது செய்க, இன்னது செய்யற்க என்று சொல்லியாக வேண்டும். அவ்வாறு சொல்வதற்கு இக்காலத்தில் மிகுதியாகக் கையாளப்பெறும் கருவிகளுள் ஒன்று, வெண்திரையின்மேல் ஒளியால் விழும் படவில்லை. ஸ்லைடு என்று பேச்சு வழக்கில் நாம் சொல்வது இதனையே.

இக்கருவி இன்று ஆலை அதிகாரிகளுக்கு மட்டும் உரியதன்று. அதே திருவள்ளூர் மாவட்டத்தில், திருவள்ளூர் நகரை அடுத்த காக்களூரில், 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. கணிப்பொறியைக் கண்ணாலும் கண்டிராத பல இல்லங்களில் அது முதன்முதலாக நுழைந்தது அத்திட்டத்தினால்தான். அக்கணினிகளுள் பல, பாட்டுக் கேட்கவும் திரைப்படம் காணவுமே பயன்பட்டன என்பதையும் மறைத்தல் வேண்டா. ஆயினும், விளக்கக்காட்சி மென்பொருளைத் திறந்து பார்த்த மாணவர்க்கு, பெரிய நிறுவனங்களின் பொறியாளர் கையில் இருந்த அதே கருவி தம் கையிலும் வந்து சேர்ந்தது.

இக்கருவியின் முன்னோர் மிகப் பழையவர். 17ஆம் நூற்றாண்டில் டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் என்பார், கண்ணாடியில் தீட்டிய சித்திரத்தை விளக்கொளியால் சுவரில் பெரிதாக விழச் செய்யும் ‘மாய விளக்கு’ ஒன்றை அமைத்தார். பிற்காலத்தில் ஒளிப்படச் சுருளின் சிறு துண்டுகளும், ஒளி ஊடுருவும் தாள்களும் அவ்வேலையைச் செய்தன. ஒரு கூட்டத்துக்கு வேண்டிய தாள்களை ஆயத்தம் செய்ய ஓவியர்க்கும் அச்சுக்கோப்பவர்க்கும் சில நாட்கள் ஆகும். பேசுவோரே தம் தாள்களைத் தாமே ஆக்கிக்கொள்ள இயலாதா என்று எண்ணினார் அமெரிக்க நாட்டினராகிய இராபர்ட் காஸ்கின்ஸ். அவரும் டென்னிஸ் ஆஸ்டின், தாமஸ் ரட்கின் என்போரும் உழைத்து ஆக்கிய மென்பொருள் 1987ஆம் ஆண்டு வெளிவந்தது. முதலில் ‘பிரசன்டர்’ என்று பெயரிட எண்ணி, அப்பெயர் வேறொருவர்க்கு உரியதாயிருந்தமையால் ‘பவர்பாயிண்ட்’ என மாற்றினர். முதற்பதிப்பு மாக்கின்டாஷ் கணிப்பொறியில் மட்டுமே இயங்கியது. அதில் கறுப்பும் வெளுப்பும் அன்றி வேறு நிறம் இல்லை. அவ்வாண்டிலேயே மைக்ரோசாப்ட் நிறுவனம் 1 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்து அதனை வாங்கிக்கொண்டது. லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள ‘இம்ப்ரெஸ்’ என்னும் மென்பொருளும் இவ்வகையினதே. அதனை எவரும் விலையின்றிப் பெறலாம். இரண்டனுள் ஒன்றைப் பழகியவர்க்கு மற்றொன்று எளிதாகும்.

மென்பொருளைத் திறந்தவுடன் வெறுமையான படவில்லை ஒன்று தோன்றும். அதில் தலைப்புக்கு ஒரு பெட்டியும், அதன்கீழ் மற்றச் செய்திக்கு ஒரு பெட்டியும் கோட்டுருவாய் இருக்கும். சுட்டியைப் பெட்டியின்மேல் வைத்து அழுத்திவிட்டு எழுதத் தொடங்கலாம். அடுத்த படவில்லை வேண்டுமாயின், கண்ட்ரோல் விசையை அழுத்தியவாறே எம் விசையைத் தட்டுக. இடப்பக்கத்தில் படவில்லைகள் எல்லாம் சிறு உருவில் ஒன்றன்கீழ் ஒன்றாய் நிற்கும். யாதேனும் ஒன்றைச் சுட்டியால் பற்றி மேலோ கீழோ இழுத்தால் வரிசை மாறிவிடும். படம் சேர்த்தற்கும், அட்டவணையும் வரைபடமும் சேர்த்தற்கும் ‘இன்சர்ட்’ என்னும் பட்டியில் வழி உண்டு. எஃப்5 விசையைத் தட்டினால் முதற்படவில்லை திரை முழுவதையும் நிறைத்துக் காட்சி தொடங்கும். எஸ்கேப் விசை அதனை நிறுத்தும். கண்ட்ரோலும் எஸ்ஸும் சேர்ந்தால் செய்த வேலை சேமிக்கப்படும். மின்தடைக்குப் பழகிய நம் நாட்டில் இவ்விரு விசைகளையும் அடிக்கடி தேடுதல் நன்று.

விசைகளை ஒரு பிற்பகலில் கற்றுவிடலாம். எதைத் திரையில் இடுவது, எதை வாயாற் சொல்வது என்று தெரிந்துகொள்ளுதலே கடினம். இதனைக் கும்மிடிப்பூண்டி உலை ஒன்றையே சான்றாகக் கொண்டு காண்போம்.

தூண்டல் உலையில் இரும்பு ஏறத்தாழ 1,600 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நீராய் உருகி நிற்கும். அதனுள் ஸ்கிராப் எனப்படும் பழைய இரும்பைச் சிறிது சிறிதாக இடுவர். அப்பழைய இரும்பில் நீர் தங்கியிருந்தால் நேர்வது யாது? நீர் ஆவியாகும்போது அதன் பருமன் 1,600 மடங்குக்கும் மிகுதியாகப் பெருகும். உருகிய இரும்பின் அடியில் அகப்பட்ட நீர் நொடிப்பொழுதில் ஆவியாகி, மேலே உள்ள தீக்குழம்பை வாரி வெளியே எறியும். அருகில் நிற்பவன் உயிர் பிழைத்தல் அரிது. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்யுங்கால், திறந்த வெளியில் குவித்த பழைய இரும்பு நனைந்தே கிடக்கும். இரு முனையும் நசுங்கிய குழாய்களிலும் மூடிய தகரக் கலங்களிலும், வெயில் அடித்த பின்னும் நீர் உள்ளே மறைந்திருக்கும்.

இச்செய்தியைப் புதிய தொழிலாளர்க்குச் சொல்ல ஒருவர் படவில்லை ஆக்குகிறார் எனக் கொள்க. தலைப்பில் ‘பாதுகாப்பு நெறிமுறைகள்’ என்று எழுதுகிறார். கீழே புள்ளியிட்டுப் பன்னிரண்டு வரிகள்: தலைக்கவசம் அணிக, காலணி அணிக, வருகைப் பதிவேட்டில் ஒப்பமிடுக என்று தொடங்கி, ஒன்பதாம் வரியில், சிறிய எழுத்தில், ‘ஈரப்பதமுள்ள மூலப்பொருள்களைத் தவிர்த்தல் விரும்பத்தக்கது’ என்கிறார். இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆயினும் உயிரைக் காக்கும் வரி, பதிவேட்டில் ஒப்பமிடும் வரிக்குக் கீழே, அதே நிறத்தில், அதே பணிவோடு நிற்கிறது. அதைப் படிப்பவன் அதன்பால் தனியே அஞ்சுவதற்குக் காரணம் என்ன இருக்கிறது? தமிழ் எழுத்தறியாத ஒடிசா நாட்டுத் தொழிலாளிக்கோ பன்னிரண்டு வரியும் பன்னிரண்டு கோடுகளே.

இனி, அதனையே வேறு வகையாக ஆக்குவோம். தலைப்பு ஒரு முழுத் தொடராக இருக்கட்டும்: ‘நனைந்த இரும்பு உலையை வெடிக்கச் செய்யும்.’ அதன்கீழ், நீர் சொட்டும் குழாய் ஒன்றின் படம். அதன்மேல் பெரிய சிவப்புப் பெருக்கற்குறி. அதே தொடர் இந்தியிலும் ஒடியாவிலும் ஒவ்வொரு வரி. வேறு ஒன்றும் வேண்டா. தலைக்கவசத்துக்குத் தனிப் படவில்லை உண்டு. பதிவேட்டுக்குப் படவில்லையே தேவையில்லை, அதனை வாயாற் சொன்னால் போதும். தலைப்பில் பொருளின் பெயரை மட்டும் எழுதாமல் பொருளைப் பற்றிய முடிவையே எழுதுக என்பது இங்கே நாம் கண்ட முறை. ‘மழையளவு’ என்பது பெயர். ‘பூண்டி ஏரியின் நீர் கோசத்தலையாற்று மழையை நம்பியது’ என்பது செய்தி.

இத்துணைச் சிறிய தாளில் எழுதும் ஒரு வரிக்கு இத்துணைப் பெருமையா என நீங்கள் ஐயுறலாம். 2003ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் அமெரிக்காவிலிருந்து கொலம்பியா விண்ணோடம் எழுந்தது. அதில் சென்ற எழுவருள் ஒருவர் அரியானா மாநிலத்துக் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா. எழுந்து 82 நொடிகள் ஆகும் அளவில், புறத்தேயிருந்த எரிபொருள் கலத்தின் நுரைப்பொருள் துண்டு ஒன்று பெயர்ந்து இடச் சிறகைத் தாக்கியது. ஓடம் வானில் சுற்றிக்கொண்டிருக்கையிலேயே, அத்தாக்குதலால் தீங்கு நேருமா எனப் பொறியாளர்கள் ஆராய்ந்து, தம் முடிவுகளைப் படவில்லைகளாக நாசா அதிகாரிகள்முன் வைத்தனர். அவற்றுள் ஒரு படவில்லையின் தலைப்பு, அச்சத்துக்கு இடமில்லை என்னும் எண்ணத்தைத் தோற்றுவித்தது. அதன்கீழ்ப் புள்ளிகளும், புள்ளிகளுக்கு உட்புள்ளிகளும், அவற்றுக்கும் உட்பிரிவுகளும் அடுக்கடுக்காய் இருந்தன. எல்லாவற்றுக்கும் கீழ்க் கடைசி வரியில், சிறிய எழுத்தில் இருந்த செய்தி இது: சோதனையில் பயன்பட்ட துண்டின் பருமன் 3 கன அங்குலம், சிறகைத் தாக்கியதாகக் கருதப்பட்ட துண்டின் பருமனோ 1,920 கன அங்குலம்.

640 மடங்கு வேறுபாடு! நம் வீட்டு அளவையில் கூறின், சோதனைத் துண்டு சிறு தேநீர்க் குவளையில் பாதி. தாக்கிய துண்டோ இரண்டு குடம் நீர் கொள்ளும் பருமன். சோதனை முடிவுகளை நம்புதற்கு இடமில்லை என்பதே இதன் பொருள். அப்பொருள் தலைப்பில் இல்லை. ‘குறிப்பிடத்தக்க’ என்னும் பொருள்படும் சொல் அப்படவில்லையில் ஐந்து இடங்களில் வந்தது. ஐந்து இடத்திலும் எவ்வளவு குறிப்பிடத்தக்கது என்பது விளங்கவில்லை. பிப்ரவரி முதல் நாள் தரைக்குத் திரும்புகையில் ஓடம் டெக்சஸ் மாநிலத்தின்மேல் சிதறியது, எழுவரும் மாண்டனர்.

ஓடத்தை உடைத்தது நுரைத்துண்டே, படவில்லை அன்று. அதில் நாம் மயங்குதல் கூடாது. ஆனால், விசாரணைக் குழு அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் வெளியிட்ட அறிக்கையில் இப்படவில்லையை எடுத்துக்காட்டி, இதனைப் படிக்கும் மேலதிகாரி உயிருக்கு நேரும் இடரைப் பற்றியது இஃது என உணராமற்போதல் இயல்பே எனக் கருத்துரைத்தது. எட்வர்ட் டஃப்டி என்னும் அறிஞர் அதனை வரிவரியாக ஆராய்ந்து, புள்ளியிட்டு எழுதும் வழக்கத்தையே கடிந்தார். அவர் கூற்றுச் சற்றுக் கடுமையானது என்றே தோன்றுகிறது. புள்ளி என் செய்யும்? பொருள்களின் உறவை ஆராயாமல், எல்லாவற்றையும் ஒரே தட்டில் அடுக்கிவைக்கும் சோம்பலுக்குப் புள்ளி இடங்கொடுக்கிறது என்பதோ உண்மை.

ஆதலின், கணினியைத் திறக்குமுன் ஒரு தாளை எடுத்து, கேட்போர் எழுந்து செல்லும்போது மறவாதிருக்க வேண்டிய செய்தி யாது என ஒரு தொடரில் எழுதுக. அதனைத் தாங்கும் செய்திகளை மூன்றோ நான்கோ எழுதுக. ஒவ்வொன்றுக்கும் ஒரு படவில்லை போதும். எஞ்சிய விளக்கங்களுக்கு மென்பொருளிலேயே வேறு இடம் உண்டு: ஒவ்வொரு படவில்லைக்கும் அடியில் ‘நோட்ஸ்’ எனப்படும் குறிப்புப் பகுதி இருக்கிறது. அங்கே எழுதுபவை திரையில் விழா; பேசுவோர்க்கு மட்டும் துணையாகும். திரையில் உள்ள வரிகளையே ஒருவர் அவையோரை நோக்காமல் திரும்பி நின்று படிப்பாராயின், அவையினர் அவரினும் விரைவாகத் தாமே படித்து முடித்துவிட்டு உறக்கத்துக்கு ஆயத்தமாவர்.

எழுத்தின் அளவு 28 புள்ளிக்குக் குறைதல் ஆகாது. வெண்மைப் பின்புலத்தில் கறுப்பு எழுத்தோ, கருநீலப் பின்புலத்தில் வெள்ளெழுத்தோ கண்ணுக்கு இனியது. மஞ்சளின்மேல் வெண்மை எவர்க்கும் தெரியாது. எழுத்துகள் சுழன்று வருதலும், துள்ளி விழுதலும், ஒலியெழுப்பித் தோன்றுதலும் புதிதாகக் கற்பவரை மயக்கும். ஒருநாள் அவற்றையெல்லாம் ஆசைதீர இயக்கிப் பார்த்துவிட்டு மறுநாள் நீக்கிவிடுக.

தமிழில் ஆக்குவோர் மற்றொன்றையும் கருதவேண்டும். பழைய எழுத்துருக்களில் தட்டிய தமிழ், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். வீட்டில் நன்றாயிருந்தது பள்ளியில் திறந்தவுடன் பாழாயிற்று எனப் பலர் வருந்துவது இதனாலேயே. ஒருங்குறி எனப்படும் யூனிகோடு எழுத்தில் தட்டினால் இவ்விடர் இல்லை. தமிழ்99 என்னும் விசைப்பலகை முறை இதற்கு ஏற்றது. சில நாட்பயிற்சியில் விரல்கள் பழகிவிடும். பாதுகாப்புக்காகப் பி.டி.எஃப். வடிவில் ஒரு படியையும் எடுத்துச் செல்லுதல் நன்று.

காட்சி நிகழுங்கால் பி விசையைத் தட்டினால் திரை முழுதும் இருளும். மீண்டும் தட்டினால் படவில்லை திரும்பத் தோன்றும். இதனை அறிந்தோர் சிலரே. நம் உலைக்கூடத்து மேற்பார்வையாளர், நனைந்த இரும்பின் படவில்லையைக் காட்டியபின் அவ்விசையைத் தட்டுவாராக. திரை இருண்டவுடன் எல்லாக் கண்களும் அவர்பால் திரும்பும். அப்போது அவர், குவியலிலிருந்து எடுத்துவந்த நசுங்கிய குழாய் ஒன்றைத் தலைகீழாய்ப் பிடித்து உலுக்கட்டும். முந்தின இரவின் மழைநீர் அதிலிருந்து ஒழுகித் தரையில் விழுவதை ஒடிசாக்காரரும் பீகார்க்காரரும் தமிழரும் ஒருங்கே காண்பர்.