ஹாலை மூடி வைக்கத் தெரியுமா?

வட்டக்கோட்டை வாசலில் நின்றால் கடல் தெரியாது. கன்னியாகுமரியிலிருந்து ஆறு கிலோமீட்டர் வந்து இறங்கினால் எதிரே கருங்கல் சுவர், ஏறக்குறைய 25 அடி உயரத்துக்கு. உள்ளே போனாலும் மரம், புல், குளம். அலைச் சத்தம் கேட்கும், அலையைக் காணோம். பெயர்தான் வட்டம், நீங்கள் நிற்பது நீள்சதுரமான மூன்றரை ஏக்கர். பிறகு மதில்மேல் ஏறும் சரிவுப் பாதை. அதில் ஏறி முடிக்கும்போது மொத்தக் கடலும் ஒரேயடியாக முகத்துக்கு நேரே வந்து நிற்கும். பிள்ளைகள் கூவுவது அந்த இடத்தில்தான், வேறெங்கும் இல்லை.

1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பிறகு அவருக்கே தளபதியான டச்சுக் கம்பெனிப் படைவீரர் டிலனாய் பலப்படுத்திய கோட்டை இது. அவர் யோசித்தது பீரங்கியைப் பற்றி. ஆனால் கல்யாண டெக்கரேஷன் தொழிலுக்கு வரும் எந்தப் பிள்ளையையும் நான் முதலில் கூட்டிப்போவது இங்கேதான். வருகிறவர்கள் எல்லாருமே "அண்ணாச்சி, இப்போ எந்த தீம் ஓடுது?" என்று தொடங்குவார்கள். தீம் போனில் கிடைக்கும். ஹாலை மூடி வைக்கத் தெரியுமா என்பதுதான் என் கேள்வி.

கோட்டைக்குள்ளேயே வரவேற்பு வைத்தால் என்ன என்று வளைகுடாவிலிருந்து போன் வரும். நேரடியாகச் சொல்லிவிடுங்கள்: நடக்காது. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்துக்குள் கூட்டம், விருந்து, வரவேற்பு எதுவானாலும் மத்திய அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும் என்று 1959-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. சுற்றிலும் 100 மீட்டருக்குள் கட்டுமானம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடு. "பார்த்துக்கலாம்" என்று அட்வான்ஸ் வாங்கிவிட்டுக் கடைசி வாரத்தில் கையைப் பிசைந்தவர்களை எனக்குத் தெரியும். கோட்டையை ஹாலாக நினைக்காதீர்கள், பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பாடம் சுசீந்திரம் கோயிலில் இருக்கிறது. நடை திறப்பு என்ற சொல் நமக்குப் புதிதில்லை. உள்ளே அலங்காரம் நடக்கும்போது திரை போட்டிருக்கும். கூட்டம் அந்த வெறுந்துணியைப் பார்த்துக்கொண்டே நிற்கும். மணி அடிக்கும், திரை விலகும், தீபம் உயரும். இந்த வரிசையைக் கவனியுங்கள்: முதலில் ஒலி, பிறகு திறப்பு, கடைசியில் வெளிச்சம். நம் தொழிலில் பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எல்லா விளக்கையும் எரியவிட்டுக் கதவைத் திறந்து, பொண்ணும் மாப்பிள்ளையும் பாதி ஹால் நடந்த பிறகு பாட்டுப் போடுகிறார்கள். அப்புறம் "எபெக்ட் வரல" என்று லைட்காரரைத் திட்டுகிறார்கள்.

சரி, யாருக்குக் காட்டப் போகிறோம்? இதை வீட்டாரிடம் கேட்காமல் அளவு நாடாவைக் கையில் எடுக்காதீர்கள். அறுநூறு பேரை வராந்தாவில் நிறுத்தி வைத்துக் கதவைத் திறப்பது வெளிநாட்டுப் படத்தில் நடக்கும். இங்கே ஆறரைக்கு வருகிறவர் மொய் எழுதி, முதல் பந்தியில் உட்கார்ந்து, ஏழரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர். அவரைக் காக்க வைத்தால் அலங்காரத்தைப் பற்றியல்ல, உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போவார். ஆகவே வழி இரண்டுதான். ஒன்று, ஐந்து மணிக்கே பொண்ணு மாப்பிள்ளைக்கும் நெருங்கிய பத்துப் பேருக்கும் மட்டும் திறந்து காட்டுவது. போட்டோவும் அழுகையும் அங்கேயே முடிந்துவிடும். மற்றது, ஹாலை வழக்கம்போல் திறந்து வைத்துவிட்டு மேடையை மட்டும் மறைத்து, ஜோடி நுழையும்போது திரையை விழவைப்பது. சர்ச் கல்யாணத்தில் ஜோடி வெளியிலிருந்து காரில் வந்து இறங்குவதால் முதல் வழி இயல்பாக அமையும். ஜோடி ஹாலின் மாடி அறையிலேயே இருந்து ஒப்பனை செய்துகொள்ளும் வீடுகளில் இரண்டாவதுதான் சரி. அவர்களை மேடையைப் பார்க்காமல் கீழே இறக்கும் வழியை முந்தின நாளே நடந்து பார்த்துவிடுங்கள்.

இனி மூடும் வேலை. ஹாலுக்குள் எத்தனை வழி வரலாம் என்று எண்ணுங்கள். முன்கதவு ஒன்றுதான் என்று நினைப்பீர்கள். சமையல்கட்டிலிருந்து ஒன்று, கை கழுவும் இடத்திலிருந்து ஒன்று, மேடைக்குப் பின்னால் ஒன்று, மாடி பால்கனி, பக்கவாட்டு ஜன்னல்கள். நான் ஒருமுறை முன்கதவுக்கு இரண்டு பேரை நிறுத்தி, கறுப்புத் துணி அடித்து, கோட்டை வாசல்போலக் காவல் வைத்திருந்தேன். பொண்ணின் பெரியம்மா பாயசம் ருசி பார்க்கச் சமையல்கட்டுக்குப் போனவர், அப்படியே உள்ளே எட்டிப் பார்த்து, ரொம்ப அழகா இருக்கே என்று போனில் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்துவிட்டார். மாடியில் புருவம் தீட்டிக்கொண்டிருந்த பொண்ணு அதைப் பார்த்தாள். மூன்று வாரத் திட்டம் முப்பது விநாடியில் முடிந்தது. பெரியம்மாவைக் குறை சொல்ல முடியுமா? அன்றிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெரியம்மாவைக் கண்டுபிடித்து அவரையே காவலுக்கு வைக்கிறேன். கூலி ஆள் தடுத்தால் சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். "உள்ள போவாதீங்க, புள்ளைக்குத் தெரியக் கூடாது" என்று அவர் சொன்னால் யாரும் மீறமாட்டார்கள்.

மேடைத் திரைக்கு இப்போது எல்லாரும் கேட்பது கபுகி டிராப், ஜப்பானிய நாடக மேடையின் பெயரை வாங்கிக்கொண்ட உத்தி. கொக்கிகள் ஒரே நேரத்தில் விடும், துணி மொத்தமாக விழும். பன்னிரண்டு அடித் துணி தரைக்கு வர ஒரு விநாடிபோலத்தான் ஆகும். கெடுப்பது காற்று. இரண்டு நிமிடம் முன்பே மின்விசிறிகளை நிறுத்துங்கள். துணியின் அடிப்பட்டையில் கனம் தைத்து வையுங்கள். விழுந்த துணி தரையில் குவிந்து கிடக்கும், பட்டுப் புடவையில் வருகிற பொண்ணு அதில் தடுக்கினால் அந்த வீடியோதான் ஊரெல்லாம் போகும். துணியை இழுக்க இருபுறமும் ஆள் வேண்டும். திறந்தவெளி என்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரை விழுகிற துணிக்கு ஒப்புக்கொள்ளவே கூடாது என்பது என் கட்சி. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்று உங்கள் சில்க் துணியைப் பார்த்து ஒதுங்கிப் போகாது.

வெளிச்சத்தைத் திட்டமிட நாள்காட்டியைப் பாருங்கள். நம் பக்கம் நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே பொழுது விழுந்துவிடும், ஜூலையில் 6.40-ஐத் தாண்டும். மேற்கு ஜன்னல் உள்ள ஹாலில் ஜூலை மாதம் ஆறு மணிக்கு "இருட்டிலிருந்து வெளிச்சம்" காட்டுவேன் என்று வாக்குக் கொடுத்தால் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடிக்கும் செலவு உங்கள் தலையில்தான். மின்சாரம் இன்னொரு தலைவலி. கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில விநாடிகளில் லைட் போர்டு அணைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அரை மணி நேரம் முன்பே ஜெனரேட்டருக்கு மாற்றிவிடுங்கள், போர்டுக்கு மட்டும் தனியாக ஒரு யுபிஎஸ் கொடுங்கள். டீசல் காசு பார்க்கும் வீட்டாரிடம் இதைத் தயங்காமல் கேளுங்கள்.

பூவைப் பற்றிச் சொல்லாமல் நாஞ்சில் நாட்டில் டெக்கரேஷன் எழுத முடியாது. தோவாளைச் சந்தைக்கு விடியுமுன் போங்கள். ஆள் அனுப்பாதீர்கள், முதல் இரண்டு வருடம் நீங்களே போங்கள். மேடைக்குக் கேந்தியும் சம்பங்கியும் கூடை கூடையாக வேண்டும், அதில் பெரிய வித்தை இல்லை. கதவு வேறு. கதவை ஒரு முழ தூரத்தில் நின்று பார்ப்பார்கள். அரளியும் நொச்சி இலையும் சேர்த்துப் பாய் முடைந்த மாதிரி தட்டையாகக் கட்டும் தோவாளை மாணிக்கமாலை, 2025-இல் புவிசார் குறியீடு வாங்கியது, கதவு நிலைக்கென்றே பிறந்தது. அதை இருபதடி தள்ளி மேடையில் தொங்கவிட்டுக் கட்டியவரின் உழைப்பை வீணாக்குகிறார்கள்.

அடுத்தது வாசனை. பிச்சியைக் காலையில் மொட்டாக வாங்கினால் பொழுது சாயும்போது விரியும். மூடிய ஹாலுக்குள் நாலு மணி முதல் அந்த மணம் தேங்கி நிற்கும். கதவைத் திறந்ததும் கண்ணுக்கு முன்னால் மூக்குக்கு எட்டுவது அதுதான். இதற்கு மேல் காசு செலவழித்து என்ன காட்டப் போகிறீர்கள்? புகை இயந்திரத்தைப் போட்டு இதைக் கெடுக்கச் சொல்பவர்களிடம் நான் வாதாடுவேன். பாதி நேரம் தோற்றுவிடுவேன், அது வேறு விஷயம்.

கதவு திறக்கும் அந்த அரை நிமிடத்தைத் தாளில் எழுதுங்கள். சைகை கொடுப்பவர் ஒரே ஆள். வீடியோக்காரர் அல்ல, மாப்பிள்ளையின் நண்பர் அல்ல, நீங்கள் அமர்த்திய ஆள். செண்டையோ நாதஸ்வரமோ வெளியே ஓங்கி, சட்டென்று நிற்க வேண்டும். ஒரு மூச்சு அமைதி. பிறகு கதவு. உள்ளே நிலைவிளக்கும் தென்னம்பாளை செருகிய நிறைநாழியும் மட்டும் வெளிச்சத்தில் இருக்கட்டும். ஜோடி மூன்றடி வைத்ததும் மேடை, அதன்பின் மெதுவாகக் கூரை. எல்லாவற்றையும் ஒரே சுவிட்சில் போட்டால் கண்ணுக்கு எதைப் பார்ப்பதென்று தெரியாது. வட்டக்கோட்டையில் சரிவுப் பாதை இல்லாமல் வாசலிலேயே கடல் தெரிந்திருந்தால் யார் கூவியிருப்பார்கள்?

ஒரு விஷயத்தில் மட்டும் வேகத்தைக் குறைக்கிறேன். மூடி வைப்பது வேறு, பூட்டி வைப்பது வேறு. 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தில் ஓலைப் பந்தல் தீப்பிடித்து 50 பேருக்கு மேல் இறந்தார்கள். மாப்பிள்ளையும் அவர்களில் ஒருவர். 2023 செப்டம்பர் 26 அன்று ஈராக்கின் ஹம்தானியாவில் ஜோடி நடனமாடிக்கொண்டிருந்தபோது ஹாலுக்குள் கொளுத்திய வாணப் பொறி கூரை அலங்காரத்தில் பற்றி 100 பேருக்கு மேல் போனார்கள். இரண்டுமே சந்தோஷ நேரம், இரண்டிலும் தீக்கு வழிவிட்டது தலைக்கு மேல் இருந்த பந்தலும் அலங்காரமும். இப்போது நம் ஹால்களிலும் கோல்டு பைரோ கேட்கிறார்கள். பெயரில் குளிர்ச்சி இருந்தாலும் அந்தப் பொறி எரியும் உலோகத் தூள்தான். துணிக்கூரைக்கு அடியில் அதை வைக்க மாட்டேன் என்று சொல்லுங்கள், வேலை போனால் போகட்டும். பேக்டிராப்பை எந்த வெளியேறும் வழியின் மீதும் கட்டாதீர்கள். மறைக்கப் போடும் திரை கையால் தள்ளினால் விலகவேண்டும். அதன் பின்னால் உள்ள கதவில் தாழ்ப்பாள் போட்டிருக்கக் கூடாது. தீயணைப்பான் எங்கே இருக்கிறது என்று பெரியம்மாவுக்கும் காட்டிவையுங்கள்.

காசு விஷயம். விலைப்பட்டியலில் "திறப்பு" என்று தனி வரி போடுங்கள்: காவல் ஆள், ஒத்திகை, மறைக்கும் துணி, கூடுதல் டீசல். தனி வரி இல்லையென்றால் அதை அன்பளிப்பாகக் கேட்பார்கள். பாதி முன்பணம், மீதியில் பெரும்பகுதி பூ வந்து இறங்குமுன். ஆவணி முகூர்த்தமும் ஓணமும் நெருங்கி வரும் நாட்களில் தோவாளைப் பூ கேரளத்துக்கு லாரி லாரியாகப் போகும், விலை காலையில் ஒன்று மதியம் ஒன்று. அந்த மாத வேலைக்குப் பூவை மட்டும் அன்றைய சந்தை விலைக்கு என்று எழுதி வாங்குங்கள். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும், நம் சேவைக்கு 18 சதவீதம். இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் போலீஸ் வரும்போது டிஜேவோடு நீங்கள் சண்டை போட வேண்டியதில்லை.

புதிதாக வருகிறவர்கள் பூக்கட்டும் பக்கம்தான் ஓடுகிறார்கள். என் பேச்சைக் கேட்பதானால் முதல் வருடம் லைட்காரரோடு போங்கள், ஒயர் இழுங்கள், எந்த பிரேக்கர் எதை அணைக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒத்திகையை முந்தின இரவே, அதே கதவில், அதே ஆட்களோடு செய்யுங்கள். பொண்ணுக்குப் பதில் யாராவது ஒரு பையன் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நடந்து வரட்டும், சிரித்தால் சிரிக்கட்டும்.

திறக்கும் நேரத்தில் நீங்கள் நிற்க வேண்டிய இடம் மெயின் போர்டு. பெரும்பாலான ஹால்களில் அது மேடைக்குப் பின்னால் இருக்கிறது. இத்தனை வருடத்தில் நான் மூடி வைத்த எந்த ஹாலும் திறப்பதை நான் முன்னால் நின்று பார்த்ததில்லை.