கட்டுமரம் கண்ட மாறுதல்கள்

கேள்வி: 'கட்டமரான்' என்னும் ஆங்கிலச் சொல் நம் கட்டுமரமே என்கிறார்கள். அப்படியானால் இரட்டை உடல் கொண்ட படகுக்கு அந்தப் பெயர் வந்தது எப்படி?
— ஒரு வாசகர், கீழப்பாவூர்

பதில்: சொல் நம்முடையதே, பொருள்தான் தேசாந்தரம் போய்த் திரிந்துவிட்டது. இலேசான மரங்கள் சிலவற்றைக் கயிற்றால் பிணைத்து, அலை மேலேறிப் புரண்டாலும் நீர் இடைவெளிகளின் வழியே வடிந்துபோகும்படி அமைத்து, கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து வெயிலில் உலர்த்தி வைக்கும் சோழமண்டலக் கரைப் பரதவரின் கலத்தை, வில்லியம் டாம்பியர் என்னும் மாலுமி 1697-இல் வெளியிட்ட தம் யாத்திரை நூலில் பெயரோடு பிரஸ்தாபித்திருக்கிறார்.

1804-இல், நெப்போலியன் படையெடுத்து வருவானென்று அஞ்சியிருந்த ஆங்கிலேயர், வெடிமருந்து அடைத்து நீர்மட்டத்தோடு மிதக்கவிட்ட பெட்டிகளைப் புலோன் துறைமுகத்துப் பிரெஞ்சுக் கப்பல்கள்மீது ஏவியபோது, அந்தச் சம்ஹாரக் கருவிகளுக்கும் இதே நாமத்தைச் சூட்டினர். மீன்பிடித்து ஜீவிக்கும் எளியோர் வாயில் பிறந்த சொல்லுக்கு இப்படியொரு கதி நேர்ந்ததே என்று எனக்கு வருத்தமுண்டு. அந்த நூற்றாண்டிலேயே சண்டைக்காரப் பெண்ணை ஏசவும் அது பிரயோகமாயிற்று.

1876-இல் அமெரிக்கரான நத்தானியேல் ஹெரஷாஃப், 'அமரிலிஸ்' என்ற இரட்டை உடல் படகை நியூயார்க் பந்தயமொன்றில் மற்றவற்றை முந்தி ஓடச் செய்தார்; இன்றைய அர்த்தம் வலுப்பெற்றது அதன் பின்னரே. ஆனால், இரட்டை உடல் கலம் பசிபிக் தீவினர் பண்டுதொட்டுச் செலுத்திவந்தது. பெயர் தமிழாயிருப்பதைக் கொண்டு அதை நாமே சிருஷ்டித்தோமென்று தயவுசெய்து யாரிடமும் சொல்லவேண்டாம்.