வெள்ளத்தில் நின்ற கார்: சாவியைத் திருப்பும் முன் இதைப் படியுங்கள்

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு கரைபுரண்டதில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளோடு வாசலில் நின்ற கார்களும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இங்கே வெள்ளம் புகுந்தது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே பலர் தங்கள் கார்களை வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

காரை மேட்டில் ஏற்றுவது நல்ல யோசனைதான். ஆனால் பாலிசியில் என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கிறோமா? நம்மில் பலர் சொல்லும் நான்கு கருத்துகளையும், விதிகள் சொல்வதையும் பார்ப்போம்.

"இன்சூரன்ஸ் இருக்கு, காசு வந்துடும்"

எந்த இன்சூரன்ஸ் என்பதுதான் கேள்வி. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 146 கட்டாயமாக்குவது மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டுமே. உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்குத்தான் அது. வெள்ளத்தில் உங்கள் கார் மூழ்கினால் அதிலிருந்து ஒரு ரூபாய்கூட வராது. வெள்ளம், புயல் சேதத்துக்கு 'சொந்த சேதம்' (ஓன் டேமேஜ்) பிரிவும் சேர்ந்த முழுமையான பாலிசி வேண்டும்.

மூன்றாம் நபர் காப்பீடும் இல்லாமல் ஓட்டினால் முதல்முறை 2,000 ரூபாய் அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

"புது கார்தானே, 3 வருஷத்துக்கு கட்டியாச்சு"

2018 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு 3 ஆண்டு, இருசக்கர வாகனங்களுக்கு 5 ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். ஆனால் அதோடு எடுக்கும் சொந்த சேதக் காப்பீடு பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான். அதைப் புதுப்பிக்காமல் விட்டவர்களுக்கு, வெள்ளம் வந்த பிறகுதான் விஷயம் தெரியவரும். பாலிசியில் இரண்டு முடிவுத் தேதிகள் இருக்கும். இரண்டையும் பாருங்கள்.

"ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணித்தான் பாப்போமே"

அதிகம் நஷ்டம் தருவது இதுதான். காற்று போகும் வழியாக தண்ணீர் சிலிண்டருக்குள் புகுந்திருந்தால், பிஸ்டனால் அதை அழுத்த முடியாது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்து, இன்ஜினே போய்விடும்.

"இது வெள்ளத்தால் நேரடியாக வந்த சேதம் இல்லை, ஸ்டார்ட் செய்ததால் வந்த தொடர் சேதம்" என்று நிறுவனம் க்ளெய்மை மறுக்கலாம். இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பீடு இதற்காகத்தான் இருக்கிறது. தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் அதை எடுப்பது நல்லது. அதிலும் நிபந்தனைகள் உண்டு, படித்துவிட்டு வாங்குங்கள்.

"வண்டிய வித்தாச்சு, இனி எனக்கென்ன?"

ஆர்.சி.யில் பெயர் மாறாத வரை, சட்டத்தின் பார்வையில் நீங்கள்தான் உரிமையாளர். வாங்கியவர் விபத்து ஏற்படுத்தினாலும் இழப்பீட்டுப் பொறுப்பு பதிவில் உள்ளவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும்.

லைசென்ஸ் இல்லாத உறவுக்காரப் பையனிடம் சாவி கொடுப்பதும் இதே கதைதான். பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் பணம் கொடுத்துவிட்டு, அதை உங்களிடம் வசூலிக்க நீதிமன்றம் அனுமதிக்கலாம்.

கார் மூழ்கிவிட்டால்

• ஸ்டார்ட் செய்யாதீர்கள். சாவியையே போடாதீர்கள்.
• தண்ணீர் எந்த அளவு நின்றது என்று தெரியும்படி, நம்பர் பிளேட்டோடு போட்டோ, வீடியோ எடுங்கள்.
• தண்ணீர் வடிந்ததும், பாதுகாப்பாக முடிந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள்.
• உடனே காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லி, க்ளெய்ம் எண்ணை வாங்குங்கள்.
• வண்டியைக் கட்டி இழுக்காமல், டோ வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். சர்வேயர் பார்க்கும் முன் பழுது பார்க்க வேண்டாம்.

பழுதுச் செலவு, பாலிசியில் உள்ள வண்டி மதிப்பில் (ஐ.டி.வி.) 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாகக் கணக்கிடப்படும். ஐ.டி.வி. 6 லட்சம் என்றால், எல்லை 4.5 லட்சம். பிரீமியம் குறையுமே என்று ஐ.டி.வி.யைக் குறைத்துப் போட்டால், அன்று கைக்கு வரும் தொகையும் குறையும்.

க்ளெய்ம் மறுக்கப்பட்டால்

காரணத்தை எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடம் புகார் செய்யுங்கள். தீரவில்லை என்றால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 'பீமா பரோசா' தளத்திலோ, 155255 என்ற எண்ணிலோ புகார் அளிக்கலாம். அடுத்து சென்னையில் உள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளர் (ஆம்புட்ஸ்மன்) அலுவலகம். அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு காப்பீட்டுத் தேதியைச் சரிபாருங்கள். பாலிசியின் நகலை செல்போனிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் வரும்போது பீரோவில் காகிதம் தேட நேரம் இருக்காது.